களத்தில் காரை நிறுத்தி பிரேக் டிஸ்க் மாற்றலாமா?

நன்னிலம் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். எட்டு வயதான சின்ன கார், 78,000 கி.மீ. ஓடியிருக்கிறது. தஞ்சாவூர் போகும் வழியில் நீடாமங்கலம் ரயில்வே கேட்டுக்கு முன்னால் வேகத்தைக் குறைத்தால் ஸ்டீயரிங் கையில் நடுங்குகிறதாம். மெக்கானிக் முன்சக்கர பிரேக் டிஸ்க் (சக்கரத்தோடு சுழலும் இரும்புத் தட்டு) இரண்டையும் மாற்றச் சொல்லிவிட்டார். மாமனார் வீட்டில் நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் இருக்கிறது, கையில் ஓரளவு சாமான்களும் இருக்கின்றன. தானே மாற்றலாமா, எதில் ஆபத்து என்று கேட்கிறார்.

மாற்றலாம். பாலிடெக்னிக் பணிமனையில் இருபது வருடத்துக்கு மேல் பையன்களுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: டிஸ்க்கைக் கழற்றி மாட்டுவதில் பெரிய வித்தை எதுவும் இல்லை. வண்டி எதன்மேல் நிற்கிறது, டிஸ்க் உட்காரும் ஹப்பின் (சக்கரத்தைத் தாங்கிச் சுழலும் நடுப்பகுதி) முகம் எவ்வளவு சுத்தம், வண்டியை நகர்த்துமுன் பெடலை மிதித்துப் பார்த்தீர்களா, இந்த மூன்றில்தான் ஆள் தப்புவதும் வண்டி தப்புவதும் இருக்கிறது. அதனால் இந்த மூன்றையும் விரிவாகச் சொல்கிறேன், மற்றதைச் சுருக்கமாக.

முதலில், கோளாறு டிஸ்க்கில்தானா என்று பாருங்கள். பிரேக்கைத் தொடாமல் 80-இல் போகும்போதே ஸ்டீயரிங் ஆடினால் அது பெரும்பாலும் வீல் பேலன்சிங் அல்லது டயர். பிரேக் பிடிக்கும்போது மட்டும் ஆடினால் முன் டிஸ்க். ஸ்டீயரிங் சும்மா இருந்து சீட்டும் பெடலும் மட்டும் உதறினால் பின்பக்க டிரம் பிரேக்கையும் சந்தேகிக்க வேண்டும். டிஸ்க் வளைந்துவிட்டது என்று எல்லோரும் சொல்வது வழக்கம். உண்மையில் பல வண்டிகளில் டிஸ்க் வளைவதில்லை. சுற்று முழுக்க ஒரே கனமாக இல்லாமல் ஓரிடத்தில் தேய்ந்து ஓரிடத்தில் தடித்துப் போகிறது, அல்லது டிஸ்க்கை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேடின் பொருள் ஒரே இடத்தில் அப்பிக்கொள்கிறது. வேகமாக வந்து பிடித்து, சூடான டிஸ்க்கோடு ரயில்வே கேட்டில் பத்து நிமிடம் பெடலை அழுத்தியபடியே நிற்கிறோம் அல்லவா, அப்போது பேடின் அச்சு டிஸ்க்கில் பதியும். கேட்டில் நின்றால் ஹேண்ட்பிரேக் போட்டுவிட்டுக் காலை எடுத்துவிடுவது நல்லது.

டிஸ்க்கின் கனத்தையும் அளந்து பாருங்கள். குறைந்தபட்ச கனம் எவ்வளவு என்பது டிஸ்க்கின் நடுக் கிண்ணத்திலோ வெளி விளிம்பிலோ மில்லிமீட்டரில் வார்த்திருக்கும். புதிதில் இருந்ததற்கும் அதற்கும் வித்தியாசம் பெரும்பாலும் 2 மி.மீ. அளவுதான். வெர்னியர் வைத்து அளக்கும்போது ஒரு சிக்கல் உண்டு. பேடு தொடாத வெளி விளிம்பு தேயாமல் உதடு மாதிரி எழும்பி நிற்கும். வெர்னியரின் தாடை அதில் இடித்துக்கொண்டு, தேய்ந்த டிஸ்க்கையும் கனமாகக் காட்டும். டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஒரு ரூபாய் நாணயம் ஒவ்வொன்று வைத்து, நாணயத்தோடு சேர்த்து அளந்து, பிறகு இரண்டு நாணயங்களின் கனத்தைக் கழித்துவிடுங்கள். சரியான அளவு வரும். லேத் பட்டறையில் கொடுத்துக் கடைந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். கடைந்த பிறகும் அந்தக் குறைந்தபட்ச கனத்துக்கு மேலே தாராளமாக இருந்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம். மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது, விரிசல் விடும்.

மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்றுங்கள், புதிய பேடுகளோடு. ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் பிரேக் பிடிக்கையில் வண்டி ஒரு பக்கமாக இழுக்கும்.

இப்போது தரை. நம் டெல்டாவில் இதைத்தான் முதலில் பேச வேண்டும். நம்முடையது ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல், பல இடங்களில் கனத்த களிமண். மேலே காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருந்தாலும் அரை அடிக்குக் கீழே ஈரமாக இருக்கும். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் உறவினர் வீட்டு வாசலில் ஐப்பசி மாதம் ஒருமுறை நானே ஏமாந்தேன். மழை விட்டு மூன்று நாள், மண் கல் மாதிரி இருந்தது. ஜாக்கியை ஏற்றிச் சக்கரத்தைக் கழற்றினேன். பேடுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பருக்குப் பின்னால் கையை விட்டு போல்ட்டைத் தடவிவிட்டு, ஸ்பேனர் எடுக்கத் திரும்பினேன். சத்தமே இல்லை. ஜாக்கியின் ஒரு கால் மட்டும் மெல்ல, வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல இறங்கி, ஜாக்கி சாய்ந்து, வண்டி உட்கார்ந்துவிட்டது. கழற்றிய சக்கரத்தை வழக்கப்படி வண்டிக்கு அடியில் படுக்க வைத்திருந்ததால் பாடி அதன்மேல் தங்கியது. அது இல்லையென்றால் டிஸ்க் தரையில் மோதியிருக்கும். ஒரு நிமிடம் முன்னால் என் கை அங்கே இருந்தது. அன்றிலிருந்து வெறும் மண்ணில் ஜாக்கி வைப்பதில்லை.

ஆகவே மாமனார் வீட்டுக் களம் இருப்பது நல்லது, ஆனால் அதையும் பார்த்து வைக்க வேண்டும். களத்தின் ஓரம் பல வீடுகளில் மெல்லியதாக இருக்கும், அடியில் எலி வளை போய் உள்ளே வெற்றிடமாகவும் இருக்கும். சுத்தியலால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் தள்ளிப் போங்கள். தண்ணீர் வடிவதற்காகக் களத்துக்கு வாட்டம் விட்டிருப்பார்கள், அதனால் வண்டியை வாட்டத்துக்குக் குறுக்கே நிறுத்தாமல் நடுவில் சமமான இடம் பார்த்து நிறுத்துங்கள். அறுவடை நேரத்தில் களம் நெல்லுக்குத்தான். தை, மாசியில் அங்கே போய் வண்டியைக் கழற்றிப் போட்டால் வீட்டில் மரியாதை இருக்காது, பிரேக் ஆயில் சிந்தினால் நெல்லும் கெடும். தார் ரோட்டில் செய்வதாக இருந்தாலும் கோடை வெயிலில் தார் இளகி, ஏற்றிய வண்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் கால் பதியும். களமோ தாரோ, ஒன்றரை அடி சதுரத்தில் இரண்டு அங்குலக் கனப் பலகை ஒன்றை அடியில் போட்டுவிடுங்கள்.

வண்டியோடு வரும் ஜாக்கி பஞ்சர் பார்க்க மட்டும்தான். அதன்மேல் வண்டியை நிறுத்திவைத்து வேலை செய்யக் கூடாது. ஜாக் ஸ்டாண்டு இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள், சின்ன காருக்கு 2 டன் போதும். செங்கல், ஹாலோ பிளாக், தென்னங்கட்டைத் துண்டு என்று அடுக்கி வைப்பதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். செங்கல் முன்னறிவிப்பு எதுவும் தராது, சட்டென்று பிளந்துவிடும். ஸ்டாண்டை எந்த இடத்தில் கொடுப்பது என்று வண்டியின் கையேட்டில் படம் இருக்கும். ஏற்றி முடித்ததும் பாடியை இரண்டு கையாலும் நன்றாக ஆட்டிப் பாருங்கள். விழுவதென்றால் இப்போதே, நீங்கள் வெளியே இருக்கும்போதே விழட்டும்.

ஒரு விஷயத்தைப் பையன்கள் எப்போதும் தப்பாகவே நினைப்பார்கள். கியரில் போட்டுவிட்டேன் சார், வண்டி நகராது என்பார்கள். நம் சின்ன கார்களில் பெரும்பாலும் இன்ஜின் முன்சக்கரத்தைத்தான் இழுக்கிறது. ஒரு முன்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால், இரண்டு சக்கரத்துக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்ஷியல் அந்தச் சக்கரத்தைச் சும்மா சுற்றவிடும், கியர் வண்டியைப் பிடிக்காது. பிடிப்பது பின்சக்கரத்தில் இருக்கும் ஹேண்ட்பிரேக்கும், பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நீங்கள் அடிக்கும் ஆப்புக் கட்டையும்தான். கட்டை இரண்டு பக்கமும் வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். சக்கரத்தின் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திக்கொண்டு, பிறகு ஏற்றுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கத்தைத்தான் பிரிக்க வேண்டும். எந்தக் கிளிப் எங்கே, எந்தப் பேடு உள்ளே என்று குழம்பினால் மறுபக்கத்தைப் பார்த்துக்கொள்ளலாம். ஸ்டீயரிங்கை ஒடித்து வைத்தால் காலிப்பரின் பின்பக்க போல்ட்டுகளுக்கு ஸ்பேனர் போகும். முதலில், காலிப்பர் சறுக்கி நகரும் கைடு பின்களின் போல்ட்டுகள் இரண்டு, காலிப்பர் வந்துவிடும். அதைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடாதீர்கள், ஹோஸ் உள்ளே கிழியும், வெளியே ஒன்றும் தெரியாது. கொத்தனார் கட்டுக்கம்பி ஒரு முழம் எடுத்து ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். அப்புறம் காலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் பெரிய போல்ட்டுகள் இரண்டு. இவை கெட்டியாக இருக்கும், நீளமான கைப்பிடியும் பொறுமையும் வேண்டும். இழுக்கும்போது வண்டி ஸ்டாண்டில் ஆடுகிறதா என்று கவனித்துக்கொண்டே இழுங்கள்.

பிரேக் தூசியை வாயால் ஊதக் கூடாது, கம்ப்ரஸர் காற்றும் அடிக்கக் கூடாது. பழைய பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். இல்லாவிட்டாலும் அந்தத் தூசி நுரையீரலுக்கு ஆகாது. பிரேக் கிளீனர் ஸ்பிரே அடித்து நனைத்துத் துடையுங்கள், துணியைப் பையில் கட்டிப் போட்டுவிடுங்கள்.

டிஸ்க் வராமல் அடம்பிடிப்பதுதான் நம் பக்கத்து அனுபவம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் ஓடிய வண்டியென்றால் உப்புக்காற்றில் டிஸ்க்கும் ஹப்பும் துருவால் ஒட்டிக் கிடக்கும். டிஸ்க் வார்ப்பிரும்பு, ஒரு ராத்திரி மழைக்கே சிவந்துவிடும் பொருள். சில டிஸ்க்குகளில் ஒன்றிரண்டு ஸ்க்ரூ இருக்கும், அதற்குச் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர் வேண்டும், சாதா ஸ்க்ரூடிரைவர் தலையைத் தின்றுவிடும். டிஸ்க் முகத்தில் மரை போட்ட இரண்டு துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். அவற்றில் சரியான அளவு போல்ட்டை மாற்றி மாற்றி முறுக்கினால் டிஸ்க் தானாகவே முன்னால் தள்ளப்பட்டு வந்துவிடும். துளை இல்லையென்றால் துரு இளக்கும் ஆயில் அடித்து அரை மணி நேரம் விட்டு, கண்ணாடி போட்டுக்கொண்டு, டிஸ்க்கைச் சுற்றிச் சுற்றித் தட்டுங்கள். எப்படியும் பழைய இரும்புக் கடைக்குப் போகப் போவதுதான். சில பழைய மாடல்களில் டிஸ்க் ஹப்புக்குப் பின்னால் பூட்டியிருக்கும். ஹப்பையே உருவ வேண்டும், பேரிங் வேலையும் சேர்ந்துவிடும். உங்கள் வண்டி அப்படியென்றால் சக்கரத்தைத் திரும்ப மாட்டி மெக்கானிக்கிடம் கொடுத்துவிடுங்கள்.

டிஸ்க் வந்ததும் அவசரப்பட்டுப் புதியதை மாட்டாமல் ஹப்பின் முகத்தைப் பாருங்கள். போல்ட்டுகளைச் சுற்றி, நடுக் கழுத்தைச் சுற்றி, துரு செதில் செதிலாக ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் சமமாகத்தான் தோன்றும். நகத்தால் சுரண்டினால்தான் தெரியும். 0.05 மி.மீ. செதில் ஒன்று, தலைமுடியைவிட மெல்லியது, ஹப்பின் ஓரத்தில் டிஸ்க்குக்கு அடியில் மாட்டிக்கொண்டால் டிஸ்க்கின் வெளி விளிம்பில் அது இரண்டு மடங்காகி 0.1 மி.மீ. தள்ளாட்டமாகத் தெரியும். பல வண்டிகளுக்கு அனுமதி அளவே அவ்வளவுதான், சிலதற்கு அதைவிடக் குறைவு. மாட்டிய அன்று ஒன்றும் தெரியாது, வண்டி வழுக்கிக்கொண்டு போகும். ஆனால் பிரேக் பிடிக்காமல் ஓடும்போதும் அந்த மேடு ஒவ்வொரு சுற்றிலும் பேடை உரசிக்கொண்டே இருக்கும். உரசும் இடம் தேய்ந்து மெலியும். சில ஆயிரம் கி.மீ. போன பிறகு அதே நடுக்கம் திரும்ப வரும். புது டிஸ்க் சரியில்லை, டூப்ளிகேட் கொடுத்துவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டுவோம். பல நேரம் குற்றம் டிஸ்க்கில் இல்லை, நாம் விட்டுவைத்த துருவில்.

அதனால் ஹப்புக்கு மட்டும் இருபது நிமிடம் கொடுங்கள். கம்பி பிரஷ், பிறகு எமரி தாள், ஒவ்வொரு போல்ட்டின் அடியிலும் தனித்தனியாக. வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, பிரேக் கிளீனரால் துடைத்துவிடுங்கள். பக்கத்தில் ஏபிஎஸ் ஒயர் போகும், அதில் பிரஷ் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். புது டிஸ்க்கில் துருப்பிடிக்காமல் இருக்க எண்ணெய் பூசி அனுப்பியிருப்பார்கள். இரண்டு முகமும் கிளீனரால் துடைத்து, வெள்ளைத் துணியில் கறை வராதவரை துடைக்க வேண்டும். மாட்டியபின் எண்ணெய்க் கையால் தொடாதீர்கள். இரண்டு வீல் நட்டை வாஷரோடு போட்டு டிஸ்க்கை இறுக்கி, டயல் கேஜ் கிடைத்தால் ஆட்டத்தை அளந்துவிடுங்கள். கும்பகோணம், தஞ்சாவூரில் லேத் பட்டறைகளில் இல்லாத டயல் கேஜா, தெரிந்தவர் இருந்தால் ஒருநாள் இரவல் தருவார்கள். ஆட்டம் அதிகமென்றால் டிஸ்க்கை ஒரு துளை தள்ளி மாட்டிப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே குறைந்துவிடும்.

புதுப் பேடுக்கு இடம் கிடைக்க, பேடை அழுத்தும் காலிப்பர் பிஸ்டனை உள்ளே தள்ள வேண்டும். அதற்கு முன் பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் டப்பாவைப் பாருங்கள். நிறைந்திருந்தால் கொஞ்சம் உறிஞ்சி எடுத்துவிடுங்கள், தள்ளும்போது வழியும், பட்ட இடத்தில் பெயிண்ட் உரியும். பழைய பேடை நடுவில் வைத்து சி கிளாம்பால் மெல்லத் தள்ளலாம். பிஸ்டனின் ரப்பர் உறை கிழிந்திருந்தாலோ, சுற்றி ஈரம் இருந்தாலோ வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு மெக்கானிக்கை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள். வண்டியை ஓட்டிக்கொண்டு போகக் கூடாது. கைடு பின்கள் கையால் இழுத்தால் வழுக்கி வர வேண்டும். சேறும் தண்ணீரும் பட்டு இவை இறுகிப் போவது நம் ஊரில் சர்வ சாதாரணம், உள் பேடு மட்டும் தேய்ந்திருப்பதற்கு முதல் காரணம் இதுதான். துடைத்து, பிரேக்குக்கென்று விற்கும் சிலிக்கான் கிரீஸ் போடுங்கள். பேரிங்குக்குப் போடும் சாதா கிரீஸ் ரப்பரை ஊதச் செய்துவிடும், வேண்டாம். பேடின் உரசும் முகத்தில் கிரீஸ் துளிகூடப் படக் கூடாது.

மாட்டுவது கழற்றியதற்குத் தலைகீழ். பிராக்கெட் போல்ட், கைடு பின், வீல் நட்டு மூன்றுக்கும் எவ்வளவு முறுக்க வேண்டும் என்று உங்கள் வண்டியின் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். சின்ன கார்களின் வீல் நட்டு பொதுவாக 85 முதல் 110 நியூட்டன் மீட்டருக்குள் வரும். அளந்து இறுக்கும் டார்க் ரெஞ்ச் ஒன்று கண்டிப்பாக வேண்டும். நட்டுகளை எதிரெதிராக, இரண்டு மூன்று தடவையாக இறுக்குங்கள். ஏர் கன்னால் ஒன்றை அதிகம், ஒன்றைக் குறைவு என்று அடித்தால் ஹப்பில் நீங்கள் பட்ட பாடெல்லாம் வீண்.

இப்போது பெடல். தம்பி, இதை மட்டும் ஒரு தாளில் பெரிதாக எழுதி ஸ்டீயரிங்கில் ஒட்டிவிட்டு வேலையை ஆரம்பியுங்கள். பிஸ்டனை உள்ளே தள்ளியிருப்பதால் பேடுக்கும் டிஸ்க்குக்கும் நடுவே இடைவெளி இருக்கும். முதல் மிதியில் பெடல் நேராகத் தரைக்குப் போகும். பிரேக் என்பதே இல்லை. வேலை முடிந்த சந்தோஷத்தில் வண்டியை ஸ்டார்ட் செய்து பின்னால் எடுத்து, மாட்டுக்கொட்டகைச் சுவரில் கொண்டுபோய் இடித்தவரை எனக்குத் தெரியும். அங்கே அன்று குழந்தைகள் விளையாடவில்லை, அவ்வளவுதான். இன்ஜினைப் போடாமல் பெடலைப் பாதி தூரம், மெதுவாக, திரும்பத் திரும்ப மிதியுங்கள். பத்துப் பதினைந்து மிதியில் கெட்டியாகிவிடும். பிறகு பிரேக் ஆயில் அளவைச் சரிபாருங்கள். இன்ஜினைப் போட்டதும் பெடல் கொஞ்சம் இறங்கும், அது மிதியின் பலத்தைக் கூட்டும் பூஸ்டர் வேலை செய்வதன் அடையாளம். பஞ்சு மாதிரி அமுங்கிக்கொண்டே இருந்தால் உள்ளே காற்று இருக்கிறது, ரோட்டுக்கு எடுக்காதீர்கள். எல்லாம் சரியென்றால் களத்திலேயே நடை வேகத்தில் முன்னும் பின்னும் நாலு தடவை நிறுத்திப் பாருங்கள்.

பிரேக் ஆயிலை மாற்றி இரண்டு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்தச் சாக்கில் மாற்றிவிடலாம். பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை பிரேக் ஆயில் புதிதில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிவிட்டால் அது 155 வரை இறங்கலாம். நம் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. பழைய ஆயிலைப் பாட்டிலில் பிடித்து ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். வாய்க்காலில் ஊற்றிவிடாதீர்கள், அது அடுத்த வயலுக்குத்தான் போகும்.

புதுப் பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய வேண்டும். விடியற்காலையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரான ரோட்டில், 60-இலிருந்து 15 வரை மிதமாக மிதித்துக் குறையுங்கள், முழுக்க நிறுத்தாதீர்கள். கொஞ்ச தூரம் ஓட்டி ஆறவிட்டு மறுபடியும். எட்டுப் பத்துத் தடவை போதும். முடித்ததும் பிரேக்கை அதிகம் தொடாமல் பத்து நிமிடம் ஓட்டி ஆறவிடுங்கள். லேசாகக் கருகிய வாடை வரும், பயப்பட வேண்டாம். அறுவடைக் காலத்தில் ரோட்டில் நெல்லும் வைக்கோலும் பரப்பியிருக்கும் பாதையை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். நெல்மணிமேல் பிரேக் பிடித்தால் டயர் வழுக்கும், அங்கே ஆட்களும் நிற்பார்கள். சூடான டிஸ்க்கோடு நேராக வாட்டர் வாஷுக்கும் விடாதீர்கள்.

முதல் நூறு கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை டார்க் ரெஞ்சால் மறுபடி ஒருமுறை பாருங்கள். வீட்டுக்கு வந்து நிறுத்தியதும் இரண்டு முன்சக்கரத்தின் பக்கத்திலும், தொடாமல், கையைக் காட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்துக் கைடு பின்னோ பிஸ்டனோ இன்னும் இறுக்கமாகத்தான் இருக்கிறது, மறுபடி பிரித்துப் பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே சூடாக இருந்து, நீடாமங்கலம் கேட்டுக்கு முன்னால் ஸ்டீயரிங் நடுங்காமல் இருந்தால் ஹப்பை நன்றாகத் தேய்த்திருக்கிறீர்கள்.